அந்த நீலக் கடல் படத்தை யார் எடுத்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் இப்போது அங்கே ஆசிரியை. "டீச்சர், நீங்க வந்தே ஆகணும்" என்று கூப்பிட்டாள், போனேன். எரிமலை, காற்றாலை, சொட்டு நீர்ப் பாசனம் எல்லாம் வழக்கம்போல இருந்தன. ஒரு சார்ட்டில் அழகான கோள் ஒன்று. நீலக் கடல், வெள்ளை மேகம், பின்னால் சிவப்பாக ஒரு சூரியன். கீழே கொட்டை எழுத்தில் "கே2-18பி கோளின் புகைப்படம். இங்கு உயிரினங்கள் உள்ளன" என்று எழுதியிருந்தார்கள்.

"இதை யாரும்மா எடுத்தது?" என்று கேட்டேன்.

"நாசா, மிஸ்."

"எந்தக் கேமராவில?"

பிள்ளை தன் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தபோது டிவியிலும் செல்போனிலும் இதே மாதிரிப் படங்கள்தான் ஓடின. "வேற்றுக்கிரகத்தில் உயிர்கள்!" என்று தலைப்பு. மூலையில் சின்ன எழுத்தில் ஓவியரின் கற்பனை என்று போட்டிருந்தால் அது புண்ணியம். பாதிப் பேர் அதுவும் போடவில்லை.

உண்மை என்ன தெரியுமா? அந்தக் கோளை இதுவரை ஒரு புள்ளியாகக்கூட யாரும் பார்த்ததில்லை.

பிறகு எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்கள்? 2004 ஜூன் 8-ஆம் தேதி என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போன நாள். சின்னக் கண்ணாடியில் ஓட்டை போட்ட காகிதத்தை ஒட்டி, வெயிலை இருட்டு வகுப்பறைச் சுவரில் விழ வைத்தோம். சுவரில் சூரியன் ஒரு சாப்பாட்டுத் தட்டு மாதிரி, அதில் மிளகு அளவுக்கு மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி. "டீச்சர், வெளிய வெயில் குறைஞ்சிருக்கா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி குறைந்திருந்தது. நம் தோலுக்கு அது தெரியாது, கருவிக்குத் தெரியும்.

கே2-18பி-யும் அப்படித்தான் அகப்பட்டது. 124 ஒளியாண்டு தூரத்தில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம். 33 நாளுக்கு ஒரு முறை அதன் ஒளி ஆயிரத்தில் மூன்று பங்கு குறைந்து, சில மணி நேரத்தில் பழையபடி வருகிறது. ஏதோ ஒன்று குறுக்கே போகிறது. 2015-இல் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் இதைக் கண்டார்கள். எவ்வளவு ஒளி குறைகிறது என்பதிலிருந்து அதன் அகலம் கிடைத்தது: பூமியைப் போல 2.6 மடங்கு.

எடை கண்டுபிடிக்க வேறு வழி. கோள் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடும். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி கொஞ்சம் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். பஸ் ஹாரன் நெருங்கும்போது ஒரு மாதிரியும், தாண்டிப் போனபின் வேறு மாதிரியும் கேட்கிறதே, அதே கதைதான். அந்த நட்சத்திரம் ஆடுவது வினாடிக்கு 3 மீட்டர் வாக்கில். நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம்! அதை 124 ஒளியாண்டுக்கு இப்பால் இருந்து அளந்திருக்கிறார்கள். அதிலிருந்து கோளின் எடை பூமியைப் போல 8.6 மடங்கு, கூடக்குறைய 1.3 என்று வந்தது.

அந்தக் "கூடக்குறைய" என்பதைப் பாருங்கள். பூக்காரம்மா கையால் முழம் போடும்போது ஒரு முழம் இன்னொரு முழத்துக்குச் சரியாக இருக்காது. அளவு என்றால் அதன் பக்கத்திலேயே எவ்வளவு பிசகலாம் என்பதும் இருக்க வேண்டும். விஞ்ஞானிகள் அதை எழுதித்தான் அனுப்புகிறார்கள். செய்தியாகி நம் போனுக்கு வருவதற்குள் அது எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

சரி, கணக்கு டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? அகலம் 2.6 மடங்கு என்றால் பருமன் அதன் கனம், அதாவது 17.6 மடங்கு. 8.6-ஐ 17.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பாதி. பூமியின் சராசரி அடர்த்தி 5.5. ஆகவே அந்தக் கோளின் அடர்த்தி 2.7 கிட்ட வருகிறது. ஒரு கருங்கல் துண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய அதுதான்.

அதற்காக அந்தக் கோள் நம் மலைக்கோட்டை மாதிரி ஒரே கருங்கல் என்று சொல்லிவிடலாமா? கூடாது. உள்ளே இரும்பும் பாறையும், மேலே பெரிய ஹைட்ரஜன் போர்வை இருந்தாலும் சராசரி இதே 2.7 வரும். பாதி பாறை, பாதி தண்ணீர், மேலே மெல்லிய காற்று என்றாலும் இதே 2.7 வரும். அளவு ஒன்று, அதற்குள் பொருந்தும் கதைகள் பல. அந்தக் கதைகளில் ஒன்றுதான் நீலக் கடல். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதனும் அவர் குழுவினரும் ஹைட்ரஜன் காற்றும் அதன் கீழே கடலும் உள்ள கோள்கள் இருக்கலாம் என்று 2021-இல் சொன்னார்கள். அவர் நம் நாட்டில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கருத்து அழகானது. வேறு சில ஆய்வாளர்கள் கடல் இருக்க வழியில்லை, அடியில் கொதிக்கும் பாறைக் குழம்புகூட இருக்கலாம் என்கிறார்கள். கடலை வரைந்த ஓவியர் எரிமலைக் குழம்பை வரைந்திருந்தால் அந்தப் பிள்ளை அதைத்தான் ஒட்டியிருப்பாள்.

அடுத்து வாயுக் கதை. கோள் குறுக்கே போகும்போது நட்சத்திர ஒளியில் கொஞ்சம் அதன் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து வரும். எந்த நிறங்கள் குறைகின்றன என்று பார்த்தால் எந்த வாயு என்று ஊகிக்கலாம். 2019-இல் ஹப்பிள் தொலைநோக்கியை வைத்து நீராவி என்றார்கள். 2023-இல் அதைவிடக் கூர்மையான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. மீத்தேனும் கரியமில வாயுவும் தெளிவாகத் தெரிந்தன. முன்பு நீராவி என்று நினைத்தது மீத்தேனாகத்தான் இருந்திருக்கும் என்று ஆனது. 2025-இல் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம் இருப்பதாக மதுசூதன் குழு எழுதியது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் வெளிவிடுகின்றன. உடனே எல்லாருக்கும் உயிர் வந்துவிட்டது!

அந்த அளவின் உறுதியை மூன்று சிக்மா என்றார்கள். அப்படி ஒரு வாயு இல்லாமலேயே, வெறும் தற்செயலாக இந்த மாதிரி ஒரு தடயம் தென்பட ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. "அடேயப்பா, அவ்வளவு உறுதியா" என்று தோன்றும். ஆனால் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ள அவர்கள் வழக்கமாகக் கேட்பது ஐந்து சிக்மா, அதாவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. இன்னும் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது. வேறு குழுக்கள் அதே தரவை எடுத்து வேறு முறைகளில் கணக்குப் போட்டபோது அந்தத் தடயம் உறுதியாக நிற்கவில்லை. போதாக்குறைக்கு, உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும் அதே வாயு இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

எனக்குக் கவலை தந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். என் அண்ணன் மகன் ஒருவன். பேர் சொல்ல மாட்டேன், சொந்தக்காரர்களுக்குத் தெரியும். அவன் வந்து, "பாத்தீங்களா அத்தை, மொதல்ல தண்ணின்னாங்க, அப்புறம் மீத்தேன்னாங்க, உயிருன்னாங்க, இப்ப இல்லைங்கிறாங்க. மாத்தி மாத்திப் பேசறவங்களை நம்பி டாக்டர் குடுக்கற மாத்திரையையும் நாம முழுங்கணுமா?" என்றான். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரையை மூன்று மாதமாக நிறுத்தியிருக்கிறான்! அவன் மனைவி என்னிடம் அழுதபிறகுதான் எனக்கே தெரியும்.

எங்கேயோ 124 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கோளுக்கும் நாகல் நகரில் இருக்கும் ஒருவனுடைய மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் சம்பந்தம். "இருக்கலாம்" என்று சொன்னதை "இருக்கிறது" என்று நம்மிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது நிற்காமல் போனதும் சொன்னவர்கள் எல்லாரும் பொய்யர்கள் ஆகிவிடுகிறார்கள். அளந்ததில் எதுவும் மாறவில்லையே! 33 நாள் அப்படியே இருக்கிறது, 2.6 மடங்கு அப்படியே இருக்கிறது. மாறியதெல்லாம் அதன் மேல் கட்டிய கதை.

அவனிடம் நான் வாதம் செய்யவில்லை. விரலைக் குத்தி அளந்து பார் என்றேன். வெறும் வயிற்றில் 268. அந்த எண்ணுக்கு முன்னால் அவனால் பேச முடியவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டான். என்மேல் கோபம் மட்டும் போகவில்லை, இந்தப் பதிவுக்கு லைக் போட மாட்டான் பாருங்கள்.

இப்படி அவசரப்படுவது இன்றைக்கு வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். 170 ஆண்டுக்கு முன்னால் நம் சென்னையிலேயே ஒரு புறக்கோள் கதை நடந்திருக்கிறது. அது நம் மாவட்டத்துக்கும் சொந்தம். எப்படி என்று சொல்கிறேன்.

நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம் இருந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. 1850-களில் அதன் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். இரட்டை நட்சத்திரங்களை ராத்திரி ராத்திரியாக அளந்தவர். அவற்றில் ஒன்று 70 ஒஃபியூகி. ஒன்றை ஒன்று 88 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். கணக்குப்படி அவை இருக்க வேண்டிய இடத்துக்கும் அளந்து பார்த்த இடத்துக்கும் சின்ன வித்தியாசம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதால் இப்படி ஆகலாம், அதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று 1855-இல் எழுதினார். வேறு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோள் இருக்கலாம் என்று அளவை ஆதாரமாகக் காட்டி எழுதிய முதல் அறிவிப்பாகப் பலரும் குறிப்பிடுவது இதைத்தான். அது நம் நுங்கம்பாக்கத்திலிருந்து போனது!

அவர் வாய்ப்பு என்றுதான் சொன்னார். நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் டி. ஜே. ஜே. சீ என்பவர் அதே நட்சத்திரத்துக்கு இருண்ட துணை ஒன்று இருப்பதாகவும், அது 36 ஆண்டில் சுற்றுவதாகவும் அடித்துச் சொன்னார். 1899-இல் மோல்டன் என்ற இளைஞர் கணக்குப் போட்டு, அப்படி ஒன்று இருந்தால் அந்த அமைப்பே நிலைக்காது என்று காட்டினார். சீ-க்குக் கோபம் வந்தது, பத்திரிகையில் சண்டை நடந்தது. இன்றுவரை அங்கே கோள் எதுவும் உறுதிப்படவில்லை.

ஜேக்கப்பை இதற்காக யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. அளந்ததை அளந்தது என்றும் ஊகித்ததை ஊகம் என்றும் எழுதியதால் இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கிறார்கள்.

அதே 1899-இல்தான் அந்த வானாய்வகத்தின் வேலை சென்னையிலிருந்து நம் கொடைக்கானலுக்கு மாறியது. 1876-77 தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தபிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதிலிருந்து பிறந்த ஆய்வகம் அது. 1901-இல் அங்கே சூரியனை முறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கே2-18 நட்சத்திரத்திலிருந்து இன்று நமக்கு வந்து சேரும் ஒளி, ஏறக்குறைய அந்தக் காலத்தில் அங்கிருந்து கிளம்பியது.

1909-இல் ஜான் எவர்ஷெட் அந்த மலையில் இருந்தபடி, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். எப்படி? ஒளி நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகர்வதை அளந்து. மேலே சைக்கிள் வேகம் என்று சொன்னேனே, அந்த நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்ததும் இதே உத்தியில்தான். வத்தலக்குண்டு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தபடி மேலே போகிறோம். ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கித் திரும்பிவிடுகிறோம். எத்தனை பேர் அந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறீர்கள்? நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவை புகைப்படங்கள், நிஜமாகவே எடுத்தவை.

இதைக் கண்காட்சியில் பேசியபோது ஓர் இளம் ஆசிரியர், "மிஸ், கற்பனை வேண்டாம்னா பிள்ளைங்களுக்கு ஆர்வமே வராதே" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதினால் கடைசி பெஞ்ச் தூங்கும், நாற்பது வருட அனுபவம் எனக்கு. கற்பனை தாராளமாக வேண்டும். ஆனால் அதற்கு ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும். படத்தின் கீழே "நாங்கள் வரைந்தது" என்று பிள்ளையே எழுதட்டும். அப்போது அந்தப் படமும் அவளுடையதாகிறது.

அளந்த எண்ணிலிருந்தே கற்பனை செய்ய எவ்வளவு இருக்கிறது! அங்கே ஓர் ஆண்டு 33 நாள். எனக்கு இப்போது 66 வயது, அங்கே 730 தாண்டிவிடும். அறுபதாம் கல்யாணம் ஐந்தரை வயதிலேயே முடிந்திருக்கும். அந்தச் சூரியன் நம்முடையதில் பாதி அகலம்கூட இல்லை, ஆனாலும் கோள் அவ்வளவு பக்கத்தில் சுற்றுவதால் அங்கிருந்து பார்த்தால் நம் சூரியனைப் போல மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். மேகம் மறைக்காவிட்டால்! ஒரு பக்கம் எப்போதும் பகலாகவும் மறுபக்கம் எப்போதும் இரவாகவும் இருக்கலாம்; இது அளந்ததில்லை, கணக்கு காட்டும் சாத்தியம். போய்ச் சேர முடியுமா என்று ஒரு பையன் கேட்டான். வாயேஜர் விண்கலம் வினாடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் 22 லட்சம் ஆண்டு ஆகும் என்று நோட்டில் போட்டுக் காட்டினேன். "டிக்கெட் வேண்டாம் மிஸ்" என்றான்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சார்ட்டை இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் "அளந்தது", இன்னொரு பக்கம் "நினைத்தது". கே2-18பி-க்கு முதல் பக்கத்தில் ஐந்தாறு வரிதான் வரும், இரண்டாம் பக்கம் நிரம்பி வழியும். வழியட்டும். புறக்கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தாண்டிவிட்டது. இனி வாரம் ஒரு நீலக் கடல் படம் போனுக்கு வரும். பிள்ளை தானே அதைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் போதும், நாம் கூடவே போய்த் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

சொந்தக்காரர்களுக்கு: குடும்பக் குழுவில் இந்த மாதிரிப் படம் போடுவதற்கு முன், இதை யார் எடுத்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வரும் வீடியோவுக்கும் இதே கேள்விதான். எத்தனை பேரை, எத்தனை நாள், எதை வைத்து அளந்தார்கள்?

கடைசியாக, பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. பங்குனி உத்திரத்தன்று பழனிக்குப் போகிறவர்கள் ராத்திரி முழு நிலவைப் பாருங்கள். உத்திரம் என்பது சிம்மத்தின் வால் பக்கத்து நட்சத்திரம். அந்தப் பக்கத்தில்தான் கே2-18 இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஜேக்கப் அளந்த 70 ஒஃபியூகி தெரியும். ஜூலை கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு, மழை மேகம் இல்லாத நாளில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்றால் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே மங்கலாக ஒரு நட்சத்திரம். சிறுமலைப் பக்கம் யாராவது கூட்டிப்போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். முட்டி வலி இருக்கிறது, கார் என்றால் நல்லது.